சாச்சி வீட்டு ஜின்

பேய்க்கதை என்றால் எனக்குச் சின்ன வயதில் சோறு தண்ணீர் வேண்டாம். அதிலும் சாச்சி சொல்ல வேண்டும். உம்மாவின் தங்கையான அவருக்கு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, கல்யாணம் பேசும் முன்பே சீதன வீடு கட்டியாயிற்று. கல்முனைக்குள் வீடு கட்ட வளவு கிடைக்காமல் மாவடிப்பள்ளி வயலோரத்தில் கட்டினார்கள். சுற்றிலும் வேறு வீடு கிடையாது. மாப்பிள்ளை அமையாததால் அது வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தது.

அதற்குள் ஒரு பெண் ஜின் இருக்கிறது என்பதுதான் கதை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பூட்டிய வீட்டுக்குள் விளக்குமாறால் கூட்டுகிற சத்தம் கேட்குமாம். சத்தம் கேட்கும்வரை பயமில்லை. நின்றுவிட்டால், அது கதவுக்குப் பின்னால் வந்து நாம் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த இடத்தில் சாச்சி பேச்சை நிறுத்துவார். நான் அவர் மடிக்குள் புகுந்துகொள்வேன்.

கடைசியில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணைப் பிடித்துப்போய், வீட்டையும் பார்க்க மாப்பிள்ளையின் தாய் வந்தார். உம்மா குளிர்பானம் ஊற்றப் போன நேரம், அறைக்குள் அவரும் நானும் மட்டும். என் வாய் சும்மா இருக்குமா?

"மாமி, இங்க தனிய நிக்காதீங்க. ஜின் இரிக்கு."

"ஆரு மகள் சொன்ன?"

"சாச்சிதான். அதுட சத்தமெல்லாம் அவக்குக் கேக்குமாம்."

அவர் எதையோ ஓதிக்கொண்டே வெளியே போனார். குளிர்பானத்தைத் தொடவில்லை. இரண்டொரு நாளில் தரகர் வந்து சொன்னார்: வீட்டையென்றால் ஓதிச் சரிப்படுத்தலாமாம், ஜின்னின் சத்தம் கேட்கிற பெண்ணை எப்படி எடுப்பதாம்.

உம்மா எனக்கு நாலு சாத்து சாத்தினார். அந்த அடி மறந்துவிட்டது. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால்தான் இப்போதும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நேராகச் சாச்சியிடம் போய், அதே கதையைச் சொல்லச் சொன்னேன்.

ஒரு வார்த்தை ஏசாமல் தொடங்கினார். பாதியில் குரல் உடைந்தது. கன்னமெல்லாம் கண்ணீர். என்னைப் பயமுறுத்த இன்று புது வித்தை காட்டுகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"இப்படியே அழுது அழுது சொல்லுங்க சாச்சி. இப்பதான் நல்லாப் பயமா இரிக்கு."

அவர் அப்படியே சொன்னார்.