நாற்பத்திரண்டாம் அத்தியாயம்

ஏழு பாகம், பன்னிரண்டு வருடம். முதல் ஆறு பாகத்தையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவள் நான். அதனால் ஏழாவதைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு.

மேகத்துக்கு மேலே ஒரு ராஜ்ஜியம், மந்திரவாதிகள், பறக்கும் எருது என்று போகும் மாயக்கதை அது. எனக்கு எருதும் வேண்டாம், சதா கண்கலங்கும் அந்த இளவரசனும் வேண்டாம். ஓடக்காரி ஒருத்தி வருவாள், அவள் போதும். முதல் பாகத்திலேயே சாபம் வாங்கி ஊரை விட்டுத் துரத்தப்பட்டவள், ஆறு பாகமாக வீட்டுக்கு வழி தேடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிச் சேலத்திலிருந்து மலையேறி வந்த வருடத்தில்தான் நான் அதைப் படிக்க ஆரம்பித்தேன். அவள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஏன் இப்படித் தவிக்கிறேன் என்பது என் கணவருக்கு இன்றுவரை புரியவில்லை.

புரிந்த ஒரே ஆள் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருப்பவர்; உறவில்லை, அண்ணன் என்று கூப்பிடுவேன். நான் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். சேலத்துக் கடைக்காரர் எங்களுக்கென்று எடுத்து வைப்பது ஒரே பிரதி. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் பொறுமை இருவருக்கும் கிடையாது. ஆகவே புத்தகம் வந்ததும் அதன் முதுகில் பிளேடைப் போட்டு இரண்டாக்கிவிடுவேன். முன்பாதியை நான் முடித்ததும் பஸ்ஸில் அவருக்குப் போகும், அவர் அதைப் படிக்கையில் நான் பின்பாதியில் இருப்பேன். புத்தகத்தை வெட்டலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

ஏழாவதின் முன்பாதி வெறும் சக்கை. நூறு பக்கத்துக்கு இளவரசன் யோசிக்கிறான். பின்பாதியில் யோசித்ததையே மறுபடி யோசிக்கிறான். இடையிடையே சுடுதண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்த விருந்தாளிகள் எனக்கு எவ்வளவோ சுவாரசியமாக இருந்தார்கள். ஆனால் நாற்பத்தோராம் அத்தியாயத்தில் ஓடக்காரி ஆற்றின் அக்கரையில் ஓடத்தைக் கட்டிவிட்டுப் பார்க்கிறாள், அவள் வீட்டில் விளக்கு எரிகிறது. அவ்வளவுதான் அத்தியாயம். கவுண்டரில் உட்கார்ந்தபடியே அழுதேன். பன்னிரண்டு வருடமும் வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதிய மகானுபாவர் நிறுத்தவில்லை. நாற்பத்திரண்டில், அதுவரை எட்டிப் பார்க்காத ஒரு தேவதை இறங்கி வந்து எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடுகிறது. இளவரசன் முடிசூடிப் பதினோரு பக்கம் பிரசங்கம் செய்கிறான். ஓடக்காரிக்கு அரை வரி: அவள் அரண்மனை வேலைக்குப் போய்விட்டாளாம். வீடு வீடு என்று ஆறு பாகம் அலைந்தவள், வாசலைக்கூட மிதிக்காமல் அந்த அழுமூஞ்சிக்குச் சாமரம் வீசப் போய்விட்டாள்! எழுதியவருக்கு அவள் யாரென்றே மறந்துவிட்டது போல.

இதை அண்ணனுக்கு எப்படி அனுப்புவது? மறுபடி பிளேடை எடுத்தேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் சுத்தமாக நறுக்கி, ஆடிக்கொண்டிருந்த சாவி அலமாரியின் காலுக்கு அடியில் மடித்து வைத்தேன். அந்த இருபது பக்கத்துக்கு அதுவே அதிக மரியாதை. மிச்சத்தைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடைவீதிக்கு வந்தவர் லாட்ஜுக்கும் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"முடிவுன்னா இதானுங்க அம்மிணி. அந்த வெளக்கப் பாத்ததும் நொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டனுங்க. அவ ஊடு போய்ச் சேந்துட்டா, போதும்."

"ஆமாங்கண்ணா, பிரமாதமா முடிச்சிட்டாரு," என்றேன், அந்த ஆளைப் பாராட்ட வாய் கூசினாலும். செய்தது சரிதான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட.

டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடித்து முடித்துப் படியிறங்கப் போனவர் நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, முன்பாதியில பொருளடக்கம் இருந்துச்சுங்களே. அதுல நாப்பத்திரண்டு அத்தியாயம் போட்டிருக்குதுங்க."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. முன்பாதியை அனுப்பும்போது அந்தப் பக்கம் என் நினைவிலேயே இல்லை.

"நல்லா இருந்தா நீங்க வெட்டியிருக்க மாட்டீங்க. அதான் நான் கேக்கலீங்க," என்றார். பிறகு ஆடாமல் நின்ற அலமாரியின் காலடியை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"பாவம், நீங்க அதப் படிச்சுப்போட்டீங்களே."