நிலவறையில் எரியாத விளக்கு

கணவருக்கு வேலை கிடைத்ததால்தான் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரை விட்டு ஐஃபெல் மலைப்பக்கம் போனோம். எரிமலைக் கல்லை அரைத்துச் சுவர்க்கட்டி செய்யும் சிறிய தொழிற்சாலை அது. அந்தக் கல்லுக்கு, பேக்கரிப் பாண்துண்டு போல, எடையே இருக்காது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். பதின்மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலை வெடித்தபோது வானத்திலிருந்து விழுந்ததாம். வெடித்த இடத்தில் இப்போது பெரிய ஏரி. அதற்கு நடக்கிற தூரத்தில் எங்கள் வாடகை வீடு.

மேலே இரண்டே அறைகள் என்பதால் சாமிப்படங்களை நிலவறையில் வைத்தோம். தரையோடு ஒரு பலகை அடித்துத் தந்தார் கணவர். முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்கேற்றப் போனேன். நெருப்புக்குச்சி என் முகத்தருகே நன்றாக எரிந்தது. திரியை நோக்கிக் கீழே கொண்டுபோனபோது, யாரோ விரலால் நசுக்கியது போல அணைந்தது. துளிக் காற்றுக்கூட இல்லை.

எண்ணெயை மாற்றினேன், திரியை மாற்றினேன். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். விழுந்து கும்பிடும்போது சோடா குடித்தது போல மூக்கில் சுரீரென்று ஏறும், வாய் புளிக்கும், நெஞ்சு படபடக்கும். எழுந்து நின்றால் சரியாகிவிடும். ஒருநாள் பலகைக்குக் கீழே ஒரு எலி செத்துக் கிடந்தது. காயம் ஒன்றுமில்லை, நித்திரை கொள்வது போலக் கிடந்தது.

அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"எடி, அந்த வீட்டிலை ஏதோ இருக்கு," என்றாள். "விளக்கெரிய விடாத இடத்திலை மனுசர் இருக்க ஏலாது. வேறை வீடு பாருங்கோ."

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அதன் பிறகு நிலவறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

மாரிக்குளிர் தொடங்கியதும், ஆண்டுதோறும் புகைபோக்கியைச் சோதிக்க வருகிறவர் வந்தார். நிலவறையில் இருக்கும் புகைபோக்கியின் அடிக்கதவைத் திறக்க அவர் குனிந்ததும் இடுப்பிலிருந்த, கெட்ட வாயுவை உணரும் கருவி வீரிட்டுக் கத்தியது. பின்னால் நின்ற என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஓடினார். முற்றத்தில் நின்று மூச்சு வாங்கியபடி, "அங்கே நீங்கள் குனிந்து ஏதும் செய்வதுண்டா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"ஒவ்வொரு வெள்ளியும்," என்றேன். அவர் உடனே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் எடுத்தார்.

தீயணைப்புக்காரர்கள் வந்து அளந்தார்கள். ஆழத்தில் இன்னும் கொதிக்கிற பாறையிலிருந்து கரியமில வாயு கசிகிறது, காற்றைவிடப் பாரமானதால் தரையில் தேங்கி நிற்கிறது என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு குளத்தில் முகம் புதைத்து நான் வாரந்தோறும் கும்பிட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு கணவர் என்னைக் கல் அகழும் இடத்துக்குக் கூட்டிப்போனார். மூன்று மாடி உயரத்துக்கு வெட்டிய சுவர் முழுக்க வெளிறிய சாம்பலும் கல்லும். அடியில் மட்டும் ஒரு கறுத்த கோடு.

"அதுதான் அப்பத்தைய நிலம்," என்றார். கோட்டுக்கு மேலே வட்டமாக ஓர் ஓட்டை. "இஞ்சை ஒரு மரம் சரிஞ்சு கிடந்தது. சாம்பல் மூடி உக்கிப்போச்சு. கையை விட்டுப் பாரும்."

விட்டேன். உள்ளே குளிர்ந்திருந்தது. சாம்பலில் பதிந்த மரப்பட்டையின் வரிகள் விரலில் தட்டின. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

"வெடிக்க முன்னம் ஏதும் தெரிஞ்சிருக்குமோ?"

"நிலம் ஆடியிருக்கும். பள்ளத்திலை படுத்த மிருகங்கள் மூச்சடைச்சுச்..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டார். அந்த எலியைக் குப்பையில் போட்டது அவர்தான்.

வீட்டுச் சொந்தக்காரர் நிலவறையில் குழாய் போட்டு வாயுவை வெளியே இழுக்கும் விசிறி பூட்டினார். சாமிப்படங்கள் மேலே, குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்தன. விசிறி ஓயாமல் இரைந்தது. ஒருநாள் மத்தியானம் மின்சாரம் நின்று அந்த இரைச்சல் அடங்கியதும், இருவரும் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் மழையில் நின்றோம்.

நான்கு வருடம் இருந்தோம். பிறகு கணவருக்குக் கோப்லென்ஸில் வேலை கிடைத்தது. சாவி வாங்கக் குழந்தையோடு வந்த இளம் தம்பதிக்கு எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கணவன் சிரித்துவிட்டு ஏரியைப் படம் பிடிக்கப் போனான். அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்து, விசிறியின் சுவிட்சை யாரும் அணைக்க முடியாதபடி மூன்று சுற்று ஒட்டினாள். பிறகு குழந்தையைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.