ஒழுக்கமான சனத்துக்கு வராத வியாதி

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பு வேலை என்பது, பிறர் வெட்கத்தை நம் வாயால் சொல்லிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போவது. நோயாளி 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், விதி அப்படி. லண்டனில் பாலியல் நோய்ப் பிரிவில் உட்கார்ந்து இதைச் செய்கிற சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எந்த ஊர்?

சாந்தி அக்கா தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இரண்டாம் முறையாக வந்த நிமோனியா ஆளைப் பாதியாக்கியிருந்தது. டாக்டர் எதைக் கேட்டாலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கும் நடந்திருக்கும். நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது மருந்தை அல்ல, மொழிபெயர்ப்பாளரின் ஊரை. மலேசியா, ஈப்போ என்றேன். அப்போதுதான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நல்லதாப் போச்சு, தங்கச்சி. எங்கட சனத்தில ஒருத்தரையும் உங்களுக்குத் தெரியாதுதானே."

வகுப்பு

எச்.ஐ.வி. சோதனை செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். அக்காவுக்கு வந்ததே கோபம். இலங்கையில், வன்னியில் புலிகள் இயக்கம் ஆட்சி நடத்திய காலத்தில் அவர் அதன் சுகாதாரப் பிரிவில் இருந்தவராம். கிணற்றுக்கு மருந்து போடுவது, கொசுவலை கொடுப்பது, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி என்று வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். கேட்க எனக்கே பெருமையாக இருந்தது.

எச்.ஐ.வி.க்கு மட்டும் அங்கே ஆணுறை கொடுப்பது கிடையாது, ஒழுக்க வகுப்புதான். காதலிக்கவே மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டிய இடம் அது. ஆணோடு ஆண் பழகியவர்களும் இருந்திருப்பார்களே என்று டாக்டர் கேட்டார். அப்படிப்பட்டவர்கள் தங்களிடம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார் அக்கா. கடைசியில் கையை நீட்டினார்.

"எடுங்கோ. ஒழுக்கமான சனத்துக்கு அது வராது எண்டு மைக் பிடிச்சுச் சொன்னவள் நான்."

கூட வந்தவர்

நோய் இருந்தது. தினம் ஒரு மாத்திரை போட்டால் எல்லாரையும் போல வாழலாம் என்று டாக்டர் சொன்னார், நானும் சொன்னேன். அக்கா காதில் ஏறவில்லை. வெளியே காத்திருந்த கணவரைக் கூப்பிடச் சொன்னார். பக்கத்து மிச்சம் பகுதியில் கடை வைத்திருப்பவர், அவரும் மெலிந்துதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தரையைப் பார்த்தார்.

அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ளும் முன், ஜெர்மனியில் தனியாக இருந்தபோதே தனக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியுமாம். யாரிடமிருந்து என்றதற்கு, அறையில் கூட இருந்த நண்பன் என்றார். அவருடைய 'நான்' ஒவ்வொன்றையும் அக்காவின் பக்கத்தில் இருந்துகொண்டு நான் சொன்னேன். அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஜெர்மனியில் தொடங்கிய மாத்திரையை மனைவி வந்ததும் ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டில குளிசையைக் கண்டா என்ன வருத்தத்துக்கெண்டு இவ கண்டுபிடிச்சிடுவா. சுகாதாரப் பகுதியில இருந்தவ."

மல்லித்தண்ணி

சில மாதங்களில் இருவரும் தேறிவிட்டார்கள். ஒன்றாகத்தான் வருவார்கள், நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்காருவார்கள். தமிழ்ப் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறோம், உங்கள் கதையைச் சொல்ல வேண்டாம், சோதனை செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் பேச முடியுமா என்று டாக்டர் அக்காவைக் கேட்டார். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். பிறகு, டாக்டருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, என்னிடம் மெதுவாக ஒன்றைச் சொன்னார். மறைக்க என்னால் முடியாது, சொன்னதை அப்படியே சொல்வதுதானே நம் பிழைப்பு.

"வன்னியில என்னட்ட வகுப்புக் கேட்ட பிள்ளை ஒருத்தியை லூயிஷாம் கோயிலில கண்டனான். என்னை மாதிரியே மெலிஞ்சுபோய் இருமுறாள். இரத்தம் சோதிச்சுப் பார் எண்டு சொல்ல வாய் வரேல்லை, தங்கச்சி. இருமலுக்கு மல்லித்தண்ணி அவிச்சுக் குடி எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

அந்த ஆட்சி போய் எத்தனையோ வருடமாகிறது, அதன் சுகாதாரப் பிரிவு மட்டும் தெற்கு லண்டனில் இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது.