கடைசி பட்டனில் சிவப்பு நூல்

விமான நிலையத்தில் கண்டக்டரின் பை வார் அறுந்தது. பையை மார்போடு அணைத்தபடி அவர் விழித்துக்கொண்டு நிற்க, பின்னால் நின்ற பெண் தன் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தாள். நின்ற நிலையிலேயே நாலு தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அன்றிலிருந்து அந்தச் சுற்றுலாக் கூட்டத்தில் அவளுக்கு டெய்லரம்மா என்று பெயர்.

கண்டக்டர் முப்பத்தைந்து வருஷம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். போய் இறங்கிய வெளிநாட்டு நகரத்தின் பேருந்தைக் கண்டதும், "இவ்ளோ பெரிய வண்டி, படியில தொங்க ஒரு ஆள் இல்லையே! பாவம்மா இந்த ஊரு" என்றார். பக்கத்தில் இருந்த டீச்சர் சிரித்துவிட்டாள். அவளும் தனியாக வந்தவள்தான். அதன் பிறகு மூன்று பேருக்கும் ஒரே வரிசையில் இருக்கை.

கூட்டத்தில் மொத்தம் இருபத்திரண்டு பேர். இறங்கி ஏறும்போதெல்லாம் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண் தலைகளை எண்ணுவாள். அவள் முடிப்பதற்குள் பின்னாலிருந்து கண்டக்டர், "இருபத்திரண்டு, ரைட்!" என்பார்.

இரண்டாம் நாள் உயரமான கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றினார்கள். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். டெய்லரம்மா மட்டும் கீழே கட்டடங்களுக்கு நடுவே எதையோ தேடினாள்.

"கண்டக்டர் சார், இந்த ஊர்ல பஸ் கழுவுற இடம் எங்க இருக்கும்?"

"ஏம்மா, அங்கயும் போய் போட்டோ எடுக்கணுமா?"

அவள் சிரிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்.

அவளுக்கு ஒரே தம்பி. பெயின்டர். நாலு வருஷமாக இந்த ஊரில்தான் வேலை. போன வருஷம் அம்மா இறந்தபோது அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் போனில் அழுதான். வீடு நிறைய சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதுபட அவள் கத்தினாள்: "உனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லடா. செத்துட்டான்னு நெனச்சுக்கோ." மூன்று மாதம் வீம்பாக இருந்துவிட்டு அவள் கூப்பிட்டபோது, அந்த எண் உபயோகத்தில் இல்லை. எந்த நிறுவனம் என்றும் தெரியாது. தேடி வர அவளுக்குக் கிடைத்த ஒரே வழி, ஆறு நாள் சுற்றுலா.

"சொன்ன வார்த்தைய திருப்பி எடுத்துக்கிட்டா போதும் சார். அவன் திட்டுனாலும் பரவால்ல."

"விலாசம் இருக்கா?" என்றாள் டீச்சர்.

"மஞ்சக் கட்டடம், மேல் மாடி. கீழ டெப்போ. பஸ் கழுவுற தண்ணிச் சத்தம் மழை மாதிரி இருக்கும்க்கா, நல்லாத் தூக்கம் வரும்னு சொல்வான்."

கண்டக்டர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். "கடலு எங்க போயிடப் போகுது? டெப்போ தேடுறது என் வேலை."

மறுநாளிலிருந்து மூவரும் அரண்மனையை விட்டார்கள், அருங்காட்சியகத்தை விட்டார்கள். கண்டக்டர் பேருந்துகளின் சக்கரத்தைப் பார்ப்பார். ஈரம் காயாத சக்கரம் வரும் திசையில் நடப்பார். மொழி தெரியாத ஓட்டுநர்களிடம் வாளி, துடைப்பம் என்று அபிநயம் பிடிப்பார். டீச்சர் ஒவ்வொரு தெருவையும் நோட்டில் வரைந்தாள். முதல் டெப்போவைச் சுற்றி மஞ்சள் கட்டடமே இல்லை. இரண்டாவதில் இருந்தது, ஆனால் அது பள்ளிக்கூடம். டெய்லரம்மாவின் செருப்புக் கடித்த இடத்தில் ரத்தம் கட்டியது.

ஐந்தாம் நாள் மதியம் மூன்றாவது டெப்போ. அதன் மதிலை ஒட்டி, வெளுத்துப்போன மஞ்சளில் நாலு மாடி. மேல் மாடி நடையில் கொடி நிறைய நீலச் சட்டைகள், எல்லாம் ஒரே அச்சு. டெய்லரம்மா ஒவ்வொன்றாகக் கீழ் ஓரத்தைப் புரட்டிக்கொண்டே போனாள். ஏழாவது சட்டையில் கை நின்றது.

கடைசி பட்டன் சிவப்பு நூலில் தைத்திருந்தது.

கூட்டத்தோடு துவைத்துப் போட்டால் சட்டை மாறிவிடும் என்று அவனே சொல்லியிருந்தான். அதனால் அவன் விடுப்பில் வந்தபோது எல்லாச் சட்டைக்கும் அவள் போட்ட அடையாளம் அது. ஐந்து சுற்று சுற்றி, அடியில் இரட்டை முடிச்சு. அவள் முடிச்சு அவளுக்குத் தெரியாதா?

"இன்னும் ஈரமா இருக்கு டீச்சர்! காலைலதான் துவைச்சிருக்கான்!"

"அவன் வந்ததும் எடுத்தவுடனே அறையாதம்மா" என்றார் கண்டக்டர். "மொதல்ல சாப்பிட்டியான்னு கேளு. அப்புறம் அறையலாம்."

படிக்கட்டில் காத்திருந்தார்கள். டெய்லரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் துடைத்தாள். பேசவேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஐந்து மணிக்கு வேலையாட்களின் வண்டி வந்தது. பெயின்ட் வாசனையோடு படி ஏறியவர்களில் ஒல்லியான ஒருவன் நேராகக் கொடிக்குப் போய் அந்தச் சட்டையை உருவினான். தம்பி இல்லை.

"அது உங்க சட்டையா?" அவள் குரல் உயர்ந்தது.

அவன் திரும்பினான். "நம்ம ஊரா நீங்க? என்னோடதுதான்... ஒரு பெயின்டரு போட்டிருந்தது. நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரில சேர்த்தோம், ஒன்பது நாள்தான் இருந்தாரு. நாலு மாசம் ஆச்சு. அவர் துணிமணிய நாங்க பிரிச்சுக்கிட்டோம். நீங்க யாரு?"

"அக்கா."

அவன் கையிலிருந்த சட்டை நழுவியது. "அக்கா செத்துட்டாங்கன்னு சொன்னாரே! ஆஸ்பத்திரி ஃபார்ம்ல சொந்தம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நாந்தான் எழுதினேன். யாருமே இல்லையாண்ணேன்னு கேட்டேன். கோடு போட்டுருன்னாரு. நாங்க நம்பிட்டோம்மா... அதனாலதான் யாருக்கும் சொல்லல. இங்கயே பொதைச்சுட்டாங்க."

கீழே டெப்போவில் பேருந்தைக் கழுவத் தொடங்கினார்கள். தண்ணீர் தகரத்தில் அடிக்கும் சத்தம் மாடிவரை வந்தது. டெய்லரம்மா தரையில் கிடந்த சட்டையை எடுத்தாள், மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள்.

"அவன் கேட்டுக்கிட்டான் டீச்சர்" என்றாள். "நான் எது சொன்னாலும் கேக்க மாட்டான். இத மட்டும் கேட்டுக்கிட்டான்."

டீச்சர் அவள் தோளைப் பிடித்தாள்.

மறுநாள் காலையில் அந்த ஒல்லியானவன் இடுகாட்டுக்குக் கூட்டிப்போனான். வரிசையாக எண் பொறித்த தகடுகள். பெயர் இல்லை. எண் எதுவென்று அவனுக்கும் சரியாக நினைவில்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே நின்று, "இது இல்லேன்னா அது" என்றான். டெய்லரம்மா இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். விமானத்துக்கு நேரமாகிறது என்று டீச்சர் மூன்று முறை கூப்பிட்ட பிறகே எழுந்தாள்.

விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் வழிகாட்டிப் பெண் தலைகளை எண்ணினாள். முடித்துவிட்டு, வழக்கமான குரலுக்காகப் பின்னால் பார்த்தாள். கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தானே மறுபடி எண்ணினாள். இருபத்திரண்டு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பேருந்து புறப்பட்டது.