வடக்கே போன வண்டி

எங்கள் வீட்டில் வண்டி ஏற்பாடு செய்வது என் கணவரின் இலாகா. வீடு சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தாலும் அவருடைய லாரி புக்கிங் ஆபீஸ் நாமக்கல்லில். சொந்த லாரிகளும் ஓடுகின்றன. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போனைத் திறந்து, எந்த வண்டி நாக்பூரைத் தாண்டியது, எது டோல்கேட்டில் நிற்கிறது என்று பார்த்துவிடுவார். இட்லி சாப்பிடும்போதும் அந்தத் திரை தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு புள்ளி ரொம்ப நேரம் நகராமல் நின்றால் அவருக்கு அடுத்த இட்லி இறங்காது.

இந்த மனிதரிடம்தான் நான், "கோவா ஏர்போர்ட்டுல இருந்து ஓட்டலுக்குப் போற வண்டிய நானே புக் பண்ணிக்கறனுங்க" என்று சொன்னேன்.

போகிறவர்கள் நாங்கள் ஏழு பெண்கள். என் கணவரின் அக்கா, அதாவது என் நங்கை, கணவரின் தம்பிகளைக் கட்டிக்கொண்ட என் ஓரகத்திகள் மூன்று பேர், கல்யாணமாகிப் போன என் மகள்கள் இரண்டு பேர், நான். ஆண்கள் இல்லாமல் ஒரு தடவையாவது கடலுக்குப் போய்விட்டு வர வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பேசுவோம், மாட்டுப் பொங்கலோடு மறந்துவிடுவோம். அந்த வருஷம் மட்டும் எப்படியோ டிக்கெட் போட்டுவிட்டோம். கோவா என்று சொன்னால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால், ஊரில் எல்லாரிடமும் கோகர்ணம் கோயிலுக்கு என்று சொல்லி வைத்திருந்தோம்.

என் கணவர் எங்களைத் தடுக்கவில்லை. வண்டி விஷயத்தில்தான் அவருக்கு மனம் தாங்கவில்லை.

"அங்க நமக்குத் தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் இருக்கறாரு. ஒரு போன் போட்டாப் போதும், வண்டி வந்து நிக்கும்" என்றார்.

"சரக்கு ஏத்தி உடற புரோக்கருங்களா?"

"ஆமா. அதனால என்ன?"

"நாங்க சரக்கு இல்லீங்க" என்றேன்.

இந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அன்றைக்கே ஓரகத்திகள் எல்லாரையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுச் சொன்னேன். மேலும் நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்தியாவின் மேற்குக் கடற்கரையைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஒரு விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு வண்டி பிடிக்க எனக்குத் தெரியாதா?

இணையத்தில் தேடித் தேடி, சாய்ந்து படுக்கிற மாதிரி சீட்டு உள்ள ஏசி வேன் ஒன்றைப் பதிவு செய்தேன். உறுதிச் செய்தி ஆங்கிலத்தில் ஒரு முழம் நீளத்துக்கு வந்தது. படத்தையும் வண்டி வகையையும் பார்த்தேன், திருப்தியாக இருந்தது. அப்படியே குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிட்டு, கீழே ஒரு கட்டைவிரல் போட்டேன். டிரைவர் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார், என்ன எண்ணிலிருந்து கூப்பிடுவார் என்பதெல்லாம் அந்தச் செய்தியின் அடியில் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. கேள்வியை முழுசாகப் படிக்காமல் பதில் எழுதிய பிள்ளைகளை எத்தனை வருஷம் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

பெங்களூரு விமான நிலையம் வரைக்கும் என் கணவரின் ஏற்பாடு. கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "போன்ல லொகேசன மட்டும் ஷேர் பண்ணி வெச்சுரு. அது போதும்."

செய்தேன். அவர் திரையில் லாரிகளோடு நானும் ஒரு புள்ளியானேன்.

என் கடைசி ஓரகத்திக்கு இளம்பிள்ளையில் சேலைக் கடை. எங்களுக்கு ஏழு பேருக்கும் ஒரே மாதிரி கிளிப்பச்சைச் சேலை, மாம்பழ மஞ்சள் கரை போட்டது, கொண்டுவந்திருந்தாள். கூட்டத்தில் ஒருத்தி தொலைந்துபோனால் கண்டுபிடிக்கச் சுலபம் என்றாள். கோவா விமான நிலையத்தின் வாசலில் நாங்கள் அந்தச் சேலைகளோடு, தலையில் மல்லிகைப்பூவோடு வந்து நின்றபோது, எங்களைக் கண்டுபிடிக்க யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை.

கோட்டு போட்ட ஒருவர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் சர்பத் டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு வந்தாள்.

"குரூப்? பீச் ரிசார்ட்?" என்று கேட்டார்.

"எஸ், எஸ்" என்றேன்.

அதன்பின் அவர் இந்தியில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கும் மனம் வரவில்லை, பின்னால் ஆறு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. திரும்பவும் கேள்வி மாதிரி அதையே சொன்னார்: "ஷாதி?"

நங்கை என் முழங்கையைத் தொட்டார். "என்ன புள்ள கேக்கறாங்க?"

"சாதி கேக்கறாருங்க" என்றேன் தாழ்ந்த குரலில்.

"இங்கயுமா?" என்றார் நங்கை.

எனக்குச் சுருக்கென்றது. படித்த மனிதர், கோட்டு வேறு, வண்டியில் ஏற்றுவதற்கு இதையா கேட்பது? நிமிர்ந்து நின்று, வகுப்பில் பேசுகிற குரலில், "வீ ஆர் ஆல் ஒன் ஃபேமிலி" என்றேன். மனிதருக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டதாக நினைப்பு.

"ஓ, ஃபேமிலி" என்று அவர் கை கூப்பினார். அவருடைய மரியாதை அங்கேயே இரண்டு மடங்காகிவிட்டது. ஆளுக்கொரு சர்பத், கழுத்தில் சாமந்தி மாலை. பெட்டிகளை ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். நின்றிருந்தது வேன் இல்லை, பளபளவென்று பெரிய பஸ். பதிவு செய்ததைவிடப் பெரிய வண்டி அனுப்பியிருக்கிறார்களே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஓரகத்திகள், "அக்கா, நீங்க பெரிய ஆளுங்கக்கா" என்று சொன்னபோது, "பார்த்துப் பண்ணனும். எல்லாம் ரிவ்யூ படிக்கறதுலதான் இருக்குது" என்று நான் சொன்னேன். இதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

முன்வரிசையில் எங்களை உட்கார வைத்தார்கள். பின்னால் வடக்கத்திக் குடும்பங்கள் சில இருந்தன. பல பேர் சேர்ந்து போகிற வண்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பியது. போன் அடித்தது, தெரியாத எண். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான் எனக்கு அப்படிக் கூப்பிடுவார்கள். வெட்டிவிட்டேன். மறுபடி அடித்தது, மறுபடி வெட்டினேன். பிறகு என் கணவர் கூப்பிட்டார்.

"வண்டி ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டமுங்க. வண்டியா இது, தேர் மாதிரி இருக்குது. சர்பத் எல்லாம் குடுத்தாங்க."

"ஓட்டல் தெக்கால இருக்குதுன்னுதான சொன்ன?"

"ஆமாங்க."

"வண்டி வடக்கால போவுதே."

"டிராபிக்கா இருக்குமுங்க. சுத்திப் போறாங்களாட்ட இருக்குது."

"கடல் எந்தப் பக்கம் தெரியுது?"

இடதுபக்கம், தென்னைகளுக்கு நடுவில், நீலமாகத் தெரிந்தது. மேற்குக் கடற்கரையில் கடல் இடதுபக்கம் தெரிந்தால் வண்டி எந்தத் திசையில் போகிறது என்பது ஆறாம் வகுப்புக் கேள்வி. நான் வெளியே பார்த்துக்கொண்டே, "மரமா இருக்குதுங்க, சரியாத் தெரியல. அப்பறமாக் கூப்படறனுங்க" என்று வைத்துவிட்டேன். தலையைத் திருப்பி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இதற்குள் நங்கைக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டார். பின் சீட்டிலிருந்த, கைநிறைய வளையல் போட்ட ஒரு வடக்கத்தி அம்மா. அவர் இந்தியில் பேச, நங்கை தமிழில் பதில் சொல்ல, நங்கையின் சம்படத்திலிருந்து முறுக்கு பின்னாலும் அங்கிருந்து ஏதோ இனிப்பு முன்னாலும் போய் வந்துகொண்டிருந்தன. அந்த அம்மா போனை நீட்டி ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார்.

"மூக்கும் முழியுமா லச்சணமா இருக்குது சாமி" என்றார் நங்கை. பிறகு என்னிடம் குனிந்தார். "ஏம்புள்ள, இந்தம்மா என்னத்துக்கு நமக்குக் கல்யாணப் பொண்ணக் காட்டுது?"

எட்டிப் பார்த்தேன். நலங்கு மஞ்சள் பூசிய கன்னம், கையில் மருதாணி. படத்துக்கு மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததில் 'ஷாதி' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கல்யாணம். அந்தக் கோட்டுக்காரர் எங்களிடம் சாதி கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களா என்று கேட்டிருக்கிறார். நான் மார்பை நிமிர்த்தி, நாங்களெல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லி, ஏழு பேரையும் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், கோட்டுக்காரரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவர் சிரித்தார். நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. யாருக்கோ போன் போட்டார். அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது. ஹைதராபாத்திலிருந்து வந்த பெண்ணின் தாய்மாமன் குடும்பம், எங்களுக்குப் பின்னால் வந்து, அழைக்க ஆளில்லாமல் விமான நிலைய வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

வந்து உட்கார்ந்து எல்லாரிடமும் உடைத்துச் சொன்னேன். நங்கைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"தாய்மாமன் ஊட்டுக்காரங்கள உட்டுப்போட்டா நம்மள ஏத்தியாந்தாங்க? நம்ம பக்கமா இருந்தா கல்யாணம் நின்னே போயிருக்கும் புள்ள."

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. கடைசி ஓரகத்தி மாலையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். மகள்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

தெரியாத எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்தத் தடவை எடுத்தேன். என் வேன் டிரைவர்தான். செய்தியில் சொன்னபடி, சொன்ன தூணுக்குப் பக்கத்தில், அவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார். கோட்டுக்காரர் போனை வாங்கி வழி சொன்னார். ஒரு முந்திரித் தோப்பு ஓரமாகப் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கினார்கள்.

இறங்குகிற இடத்தில் நங்கை படியிலேயே நின்றுகொண்டார்.

"கல்யாண ஊட்டு சர்பத்தக் குடிச்சுப்போட்டு மொய் வெக்காமப் போறதா?"

"நங்கை, அவங்க நம்மளக் கூப்படவே இல்லீங்க" என்றேன்.

"குடிச்சமா இல்லியா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கைப்பைகளைத் துழாவினோம். நங்கை ஒரு ரூபாய் நாணயத்தையும் தேடி வாங்கி ஒற்றைப்படையாக்கி, மஞ்சள் கைக்குட்டையில் முடிந்து, ஏறிப்போய் வளையல்கார அம்மாவின் கையில் வைத்தார். அந்த அம்மா பதறி மறுத்தார். நங்கை அவருடைய விரல்களை மடக்கி மூடிவிட்டு, "புள்ளைங்க நல்லா இருக்கோணும்" என்றார். அது அந்த அம்மாவுக்கு எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை. நங்கையின் இரண்டு கன்னத்தையும் பிடித்து நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டார்.

பஸ் போன பிறகு முந்திரி மரத்தடியில் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தோம். பைக்கில் போன சுற்றுலாக்காரர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள். வேன் வந்தது. டிரைவர் அதிகம் பேசாத மனிதர். நான் திரும்பத் திரும்ப ஸாரி சொன்னேன். நாலைந்து தடவைக்குப் பிறகு அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மேடம், ப்ளீஸ்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தெற்கே, எங்கள் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சேலையைக்கூட மாற்றாமல் எல்லாரும் கடலுக்கு ஓடினார்கள். நங்கைக்கு முழங்கால் வலி. நான் கைபிடித்து மெதுவாகக் கூட்டிப்போனேன். அலை வந்து காலைத் தொட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "நீ ஏர்போர்ட்டுல இருந்து ஒழுங்காக் கூட்டியாந்திருந்தா, வந்தது கூடத் தெரிஞ்சிருக்காது" என்றார். பாராட்டா திட்டா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அங்கேயே நின்று லொகேஷனை அணைத்தேன். அணைத்த வேகத்தில் போன் அடித்தது.

"புள்ளியக் காணமே" என்றார் என் கணவர்.

"சார்ஜ் இல்லீங்க."

"செரி, செரி. கல்யாணமெல்லாம் நல்லபடியா நடந்துச்சா?"

கடைசி ஓரகத்தி தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் புக்கிங் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. கோகர்ணம் கதையும் அதோடு முடிந்தது. ஏதோ வேலையாக நான் அங்கே போனபோது, முன்பின் பேசியிராத ஒரு லாரி டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. பொண்ணு ஊட்டுக்காரங்கதானுங்களே" என்றார். என் கணவர் கணக்கு எழுதுவது போலக் குனிந்துகொண்டார். அவர் முதுகு ஆடுவதை நான் பார்த்தேன்.

அடுத்த பயணத்துக்கு இப்போது பேச்சு நடக்கிறது. விசாகப்பட்டினம் என்கிறார்கள். வண்டி ஏற்பாடு மகள்களின் பொறுப்பு என்று குழுவில் ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். எனக்குப் புளிசாதம் கட்டும் வேலையைத் தந்திருக்கிறார்கள். அப்பாடா என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். மத்தியானத்தில் வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்த ஊரில் என்ன வேன் கிடைக்கிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல நல்ல வண்டிகளாகத்தான் இருக்கின்றன.