கயிறு என்று எழுதிய காலை

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள் நான். சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபின் அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் விட்டதே இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் மெயில்களில் வரும் சொற்றொடர்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு என் மெயில்களில் போடுவேன். ‘இனி உங்கள் பொறுப்பு’ என்பதற்கு ‘பால் இஸ் இன் யுவர் கோர்ட்’ என்று எழுதிவிட்டால் அன்றைக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

அன்று காலை, இரவு ஷிப்ட் முடித்து விடுதி அறைக்கு வந்ததும், புதிதாகச் சேர்ந்திருந்த டீம் லீடருக்கு ‘ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் மை ரோப்’ என்று ஒரே வரி அனுப்பினேன். இதற்குமேல் தாங்காது, லீவு வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். போனைச் சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

கதவு இடிபடும் சத்தத்தில் விழித்தேன். அம்மாவிடமிருந்து இருபது அழைப்புகளுக்குமேல் வந்திருந்தன. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் எங்கள் வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர். முந்தின நாள் முழுக்கக் காற்று. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

வெளியே வார்டனும் அம்மாவும் நின்றிருந்தார்கள். மீன் விற்ற இடத்திலிருந்து அப்படியே வந்திருந்த அம்மாவின் கையில் செதில்கூடப் போகவில்லை. என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்த அம்மா, முதலில் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைத் தடவினார்.

“அப்பாவுக்கு இன்னாம்மா ஆச்சு?”

“அவுரு வூட்லதான் கீறாரு. நீ இன்னாடி பண்ணிகினே?”

“தூங்கிகினு இருந்தேன்.”

“உன் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. உங்க பொண்ணு கயிறுன்னு எழுதிட்டு போன் எடுக்கல, ஓடிப்போய்ப் பாருங்கன்னாரு.”

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

டீம் லீடரை அழைத்தேன். “நல்லா இருக்கீங்களா?” என்றார். “அந்த வார்த்தையப் பார்த்ததும் எனக்கு வேற எதுவும் தோணலைங்க.” அவர்மேல் கோபம் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

‘கயிற்றின் நுனிக்கு வந்துவிட்டேன்’ என்றால் ஆங்கிலத்தில் ‘இதற்குமேல் தாங்காது’ என்றுதான் பொருள் என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

“லீவு வேணும்னா லீவு வேணும்னு எழுத வேண்டியதுதான?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நெஜமா வேற ஒண்ணும் இல்லியே?”

“இல்லம்மா” என்று சொல்ல எனக்கு நேரமானது. மூன்று மாதமாகத் தொடர்ந்து இரவு வேலை, பேச ஆளில்லாத பகல்கள். பதில் வரத் தாமதமானது எனக்கே பயமாக இருந்தது. அம்மாவும் கவனித்திருக்க வேண்டும். மேலே எதுவும் கேட்காமல் என் துணிகளைப் பையில் திணித்தார். பஸ்ஸில் மாமல்லபுரம் வரும்வரை என் மணிக்கட்டை விடவில்லை.

நான்காம் நாள் வீட்டிலிருந்து டீம் லீடருக்கு ஆங்கிலத்தில் எழுதினேன்: ‘இரவு ஷிப்ட் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பகலுக்கு மாற்றுங்கள்.’ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற ஆங்கிலம்தான். மறுவாரம் மாற்றிக்கொடுத்தார்கள்.