வலப்பக்கம் தேறும்வரை

எழுபதுகளில் வங்காளத்தில், பெஹாலாவில் குடியிருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் என் இதயத்தின் இடப்பக்க வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். பெட்டியில் துணிமணி எடுத்துவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் என் மார்பைவிடக் கழுத்தில் புடைத்திருந்த நரம்பையும் காலையும்தான் அதிக நேரம் பார்த்தார். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. மறுநாள் தொடை வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்கம்வரை செலுத்தி, உள்ளே இருந்த அழுத்தத்தை அளந்தார்கள். விழித்தபடியே படுத்திருந்தேன்.

“இப்போது ஆபரேஷன் வேண்டாம்,” என்றார் டாக்டர்.

“வால்வுதானே கெட்டிருக்கு?” என்று எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் கேட்டேன்.

“ஆமாம். ஆனால் அந்த அடைப்பை எதிர்த்து இத்தனை வருஷம் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, வலப்பக்கம் ஓய்ந்துபோயிருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு உங்களைத் தாங்க வேண்டியது அதுதான். முதலில் அது கொஞ்சம் தேறட்டும்.”

டாக்ஸியில் வீடு திரும்பினோம். வாசலில் கணவர், “கைவிட்டுட்டாரோன்னு பயமா இருக்குட்டி,” என்றார். எனக்கும் அதே பயம்தான். கூடவே ஒரு வியப்பு. கெட்டுப்போன பக்கத்தை மட்டுமே நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறேன். ஓசையில்லாமல் உழைத்த இன்னொரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது.

நீர் பிரிய மாத்திரை, படுக்கை, உப்பில்லாச் சாப்பாடு. சமையல் அவர் கைக்குப் போனது.

“நீங்களாவது உப்புப் போட்டுச் சாப்பிடுங்க.”

“ரெண்டு குழம்பு வைக்க எனக்கு ஏலாது.”

துர்கா பூஜை வந்தது. பந்தலுக்குப் போக முடியவில்லை. படுத்தபடியே தாக் மேளம் கேட்டேன். குளிர் தொடங்கும்போது கால் வீக்கம் வடிந்திருந்தது. மறுபடி குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், முதல்முறையாகச் சிரித்தார். அடுத்த வாரமே வால்வை விரித்துவிட்டார்கள். கண் விழித்தபோது டாக்டர் என் கழுத்து நரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலப்பக்கம் முழுதாகத் திரும்பவில்லை. மாத்திரை தொடர்ந்தது; நின்றபடி வேலை செய்த நாட்களில் மாலையில் கால் கனக்கும். ஆனாலும் கோடையில் டாக்குரியா ஏரிக்கரையில் நடந்தோம்.

“உக்காருவோமா?” என்றார் கணவர்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க.”

“எனக்கு மூச்சு வாங்குது, உக்காருட்டி.”

பெஞ்சில் உட்கார்ந்தோம்.